பெரிய டாக்டர் போன பிறகு

'பீப்... பீப்...' என்று இதயத் துடிப்புக் கருவியின் சத்தம் இரவு ஏழரை மணிக்கு வண்டியூரில் எங்கள் தெருவின் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பும். டிவியில் வந்த 'டாக்டர் நாடகத்தின்' தொடக்க இசை அது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தது, ஆறாம் வகுப்புக்கு வந்தும் முடியவில்லை. நரைத்த மீசைக்காரப் பெரிய டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தால் நோயாளி பிழைத்துவிடுவார் என்று தெருவே நம்பியது. அப்பா விளம்பர இடைவேளையில்கூட எழுந்து போக மாட்டார்.

திடீரென்று அந்த நடிகர் விலகிக்கொண்டார். பெரிய டாக்டர் வெளிநாடு போய்விட்டதாக ஒரே வசனத்தில் கதையை முடித்து, அதுவரை அவருக்குப் பின்னால் தட்டு ஏந்தி நின்ற சின்ன டாக்டரம்மாவைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கறுப்பாக, குட்டையாக, கோபம் வந்தால் லேசாகத் திக்குகிற பெண். "இனிமே என்னத்தப் பாக்க?" என்று தெரு வேறு சேனலுக்கு மாறிக்கொண்டது.

எங்கள் வீட்டில் மட்டும் அது தொடர்ந்து ஓடியதற்குக் காரணம் செல்வி அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த அத்தைக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது அந்தச் சமயத்தில்தான். "கண்ட ஆம்பளையத் தொட்டுத் தூக்குற வேலை நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வேணாம்" என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை அழவில்லை, சாப்பாட்டைக் குறைக்கவில்லை. ஏழரை ஆனால் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார், யார் கேட்டாலும் ரிமோட்டைத் தர மாட்டார்.

சின்ன டாக்டரம்மாவின் முதல் பெரிய ஆபரேஷன் அன்று, அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் வேடிக்கை பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்தார்கள். நோயாளி இறந்துபோனார். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்: "பாத்தியா மாப்ள, பொம்பளைய ஒக்கார வச்சா இம்புட்டுத்தான்."

அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினார். "பெரிய டாக்டர் கையில எத்தன பேரு செத்தாகன்னு எண்ணுனீகளாண்ணே?"

நான்தான் வாய் திறந்தேன். ஒரு நாள் விடாமல் பார்த்தவள் நான். "பஸ்ல அடிபட்டவரு, ரெட்டப்பிள்ளக்காரம்மா, கணக்கு வாத்தியாரு..." என்று விரல் மடக்கத் தொடங்கியதும், "வாய மூடு கழுத" என்று அப்பா முதுகில் ஓர் அறை விட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "அந்தப் போலீஸ்காரரு" என்று நாலாவது விரலையும் மடக்கிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு அம்மா வந்தார். அப்பாவை அதுவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. "நாளைக்குச் செல்வியக் கூட்டிக்கிட்டு நான் காலேஜுக்குப் போறேன். நீங்க வாரதுன்னா வாங்க."

"அப்ப வாரேன் மதினி, காலையில வெள்ளனா எந்திரிச்சிருவேன்" என்றார் அத்தை, ஏதோ கோயிலுக்குக் கூப்பிட்டதைப் போல.

அப்பா வரவில்லை. நாங்கள் மூவரும் கோரிப்பாளையத்தில் பஸ் மாறிப் போனோம். உட்கார இடமில்லாமல், சான்றிதழ் பையை நசுங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அத்தையைச் சேர்த்துவிட்டுத் திரும்பியபின் அப்பா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. நாங்களும் சமாதானம் பேசப் போகவில்லை.

நாடகத்தை மத்தியானத்துக்குத் தள்ளி, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். அத்தை இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவர் முகம் பார்த்துத்தான் பேசுகிறார்கள். தான் சொன்னது தப்பு என்று அப்பா கடைசி வரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அத்தை எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது தெருவில் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் கேட்பதில்லை, ஆளுக்கொரு போன். போன வாரம் அந்த நாடகத்தை இணையத்தில் தேடினேன். பெரிய டாக்டர் இருந்த வருடங்களை யாரோ பத்திரமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். சின்ன டாக்டரம்மாவின் ஒரு நாள்கூட இல்லை. 'அவர் போனதோடு நாடகமும் செத்துவிட்டது' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

'அதுக்கப்புறம்தான் நல்லாருந்துச்சு. நான் பார்த்தேன்' என்று எழுதினேன். ஏழெட்டுப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். எழுதியதை நான் அழிக்கவில்லை.