கோட்டு யூனிட்டை ஒப்படைத்தது

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டில் எங்கள் தெருவிலிருந்து சொந்தத் தொழில் என்று முதலில் தொடங்கியது நான்தான். என் நைனா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நான் ஒரு பழைய மெஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஃபேக்டரிகள் வந்த பிறகு, அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு நீலக் கோட்டு தைத்துத் தர முடியுமா என்று ஒரு மேனேஜர் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்துதான், அதை எப்படி வெட்டுவது என்று யோசித்தேன்.

முதல் அறுபது கோட்டிலும் கை நீளம் குறைந்துபோனது. அவர் கவனிக்கும் முன்னால் நானே போய்ச் சொன்னேன். "ஒரு வாரம் குடுங்க சார், கைய புதுசா வெட்டி வெச்சிக் குடுத்துடறேன்." கொடுத்தார். அதன் பிறகு அவர் வேறு ஆளைத் தேடவில்லை. ஒரு மெஷின் ஆறானது. எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்கள் ஆறு பேர் என்னோடு நிலைத்தார்கள். வெளியே போகும் ஒவ்வொரு கோட்டையும் நான்தான் பார்த்து அனுப்பினேன். அதில் எனக்குக் கர்வமே உண்டு.

போன வருஷம் ஒருநாள் சாப்பிடப் போனவள் சீக்கிரமே திரும்பிவிட்டேன். நான் பார்த்து அடுக்கிய கட்டிலிருந்து ஒரு கோட்டை எடுத்து, ஆறு பேரில் மூத்தவள் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற? அது நான் பாத்ததாச்சே."

"பாக்கெட் கோணையா இருக்குதுக்கா."

"எத்தினி நாளா இது நடந்துக்கினு இருக்குது?"

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து. உன்கிட்ட சொல்ல மனசு வரலக்கா."

முகமெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்றார் வீட்டுக்காரர். மாற்றலாம்தான். ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் வேறொன்று புரிந்தது. என் கண் தப்பவிட்டும், யூனிட்டிலிருந்து நல்ல கோட்டுதான் போய்க்கொண்டிருந்தது. யூனிட்டை விடுவதென்றால் இப்போதே விட வேண்டும்.

இனி யூனிட்டை நீங்களே நடத்துங்கள் என்று ஆறு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். மூத்தவள் மட்டும், "ஆர்டர் நிக்காம வருமாக்கா?" என்று கேட்டாள். அவள்தான் சரியான ஆள் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மறுநாள் அவளை மேனேஜரிடம் அழைத்துப் போனேன். இனிமேல் இவளிடம் பேசுங்கள் என்று தெலுங்கில் சொன்னேன். "செக்கிங்குக்காவது மீரு ராரா அம்மா?" என்றார். வரமாட்டேன், என்னைவிட இவள் நன்றாகப் பார்க்கிறாள் என்று பாக்கெட் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டு, அடுத்த ஆர்டர் தாளை அவள் கையில் கொடுத்தார்.

முதல் மாதம் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஏதாவது கேட்டுக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பிறகு ஒருநாள் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றபோது எதிரே யூனிட் வாசலைப் பார்த்தேன். ஆட்டோவில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புது மெஷின் ஒன்று, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது. அருகில் நின்ற ஒரு அம்மாளிடம், அவர் கேட்காமலே, "நான் ஆரம்பிச்ச யூனிட்டும்மா அது" என்று சொன்னேன்.