மாமாவின் சாப்பாட்டுப் புத்தகங்கள்

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் என் தாய்மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கிழிந்த புத்தகத்தை முகர்ந்து பார்த்த காட்சிதான் அவரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருகிறது. சலவை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப்பையில் ஜெபமாலை. அந்தக் கோலத்தில் ஒரு பெரிய மனிதர் புத்தகத்துக்குள் மூக்கை விட்டு இழுத்தால் போகிறவர் வருகிறவர் என்ன நினைப்பார்கள்? நான் அவரோடு வராதவளைப் போலத் தள்ளி நின்றேன். அவரோ என்னைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். "பெருங்காயம், தாயி! இத அடுப்படியில வச்சுப் பொழங்கியிருக்காக. கறை படாத சமையல் புஸ்தகத்த மட்டும் நம்பிறாத. யாரும் ஆக்கிப் பாக்கலைன்னு அர்த்தம்." எனக்கு அவமானமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை கிடைத்தது. வயசுப் பெண்ணைத் தனியாக விடுவதாவது என்று அம்மா என்னைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாமா ஒரு புகையிலைக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அத்தைக்கு மாதா கோயில் உண்டு, மாமாவுக்குச் சாப்பாட்டுப் புத்தகம் உண்டு. ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே போவதில்லை என்று ஒரு ஒப்பந்தம் போட்டவர்களைப் போல இருந்தார்கள். சமையல் புத்தகம் என்று அவர் சொல்லவே மாட்டார், சாப்பாட்டுப் புத்தகம்தான். ஆக்குவதைவிடச் சாப்பிடுவது பெரிய காரியம் என்பது அவர் கட்சி.

அவற்றை அவர் வாங்குகிற விதமே தனி. வேண்டிய புத்தகத்தைத் தொட மாட்டார், கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்தில் கிடக்கும் போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டி, அதற்கு மூச்சு முட்டப் பேரம் பேசுவார். ஒரு கிறிஸ்தவ வேதக்காரர் பழைய பஞ்சாங்கத்துக்கு எதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். பேரம் படிந்து எழுந்திருக்கும்போது, போகிற போக்கில் அந்தச் சமையல் புத்தகத்தைக் காட்டி, "இதக் கொசுறாப் போடும், பாய்" என்பார். கடைக்கார பாய்க்கு இந்தச் சூது தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். "அண்ணே, ஒங்களுக்கு ஒரு பஞ்சாங்கம் எடுத்து வச்சிருக்கேன்" என்று அவர் ஆள் விட்டால், நல்ல சமையல் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது என்று பொருள். இருவரும் முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல் அந்த நாடகத்தை வருஷக்கணக்கில் ஆடினார்கள். வீட்டில் பஞ்சாங்கங்கள் மட்டும் ஒரு மூட்டை கிடந்தன.

அப்படிச் சேர்ந்தவைதான் எத்தனை வகை! கொடைக்கானல் பங்களாக்களைக் காலி செய்து போன வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்ற தடித்த புத்தகங்கள். பட்டாளத்துச் சமையல்காரர்களுக்கான கையேடு ஒன்று; அதில் ரசம் வைப்பதென்றாலும் ஒரு பட்டாளத்துக்கே வைத்தாக வேண்டும். முகம் தெரியாத ஒரு அம்மாள் வாரப் பத்திரிகைகளில் வந்த குறிப்புகளைக் கத்தரித்து, அழகாக பைண்டு செய்து வைத்திருந்த தொகுதி. அட்டையும் போய் முன்பக்கமும் போய், எழுதியவர் பேர்கூடத் தெரியாமல் வந்து சேர்ந்த ஒரு தமிழ்ப் புத்தகம்தான் மாமாவுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அடுப்படி அவர் வசம். ஒரு தடவை வெள்ளைக்காரப் புத்தகத்தைப் பார்த்து, சிறுமலை வாழைப்பழத்தைப் பிசைந்து, இட்லிக் கொப்பரையில் புட்டிங் என்று எதையோ அவித்தார். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தப் பழத்த உரிச்சுத் தின்னுருந்தா ஊருக்குக் கேடா?" என்று கேட்டாள். மாமா மிச்சம் வைக்காமல் அவ்வளவையும் அவரே சாப்பிட்டார்.

முதலில் மாமாவுக்குக் குரல்தான் கம்மியது. கிட்டங்கித் தூசி என்று சொல்லிக்கொண்டு அதிமதுரத்தை மென்றார். பிறகு சோறு விக்கியது. குழைந்த சோறும் விக்கியது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் பேசினார். தொண்டையில் புற்று. கரண்ட் என்று சொல்லிக் கதிர்ச்சிகிச்சை வைத்தார்கள், கழுத்துத் தோல் கருகியதுதான் மிச்சம். வீடு திரும்பிய பிறகு, அத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்த கஞ்சித் தண்ணீர்தான் அவருக்கு மூன்று வேளையும். சாப்பாடு பெரிய காரியம் என்று சொல்லித் திரிந்த மனுஷனுக்குத் தொண்டையை அடைத்த தெய்வத்தின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகப் பெட்டியை இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அட்டையில்லாத புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "படி, தாயி" என்றார். காற்றைப் போல வந்தது குரல். ஆட்டுக்கறிக் குழம்பு என்று ஆரம்பித்து வேகவேகமாக வாசித்தேன். வெங்காயம் இருந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "செத்த இரு. வெங்காயம் இன்னும் செவக்கல." கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். நிஜமாகவே வெங்காயம் சிவக்க ஆகிற நேரம் ஆனது. அப்புறம் தலையசைத்தார், நான் மல்லித்தூளைப் போட்டேன். 'பக்குவமறிந்து இறக்குக' என்று கடைசி வரி வந்தபோது அவர் எச்சிலை விழுங்கினார். அந்த வலியில் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனால் முகம் விருந்து சாப்பிட்டு எழுந்தவர் முகம். அதற்குப் பிறகு நாள் தவறாமல் சாயங்காலம் அவருக்கு ஒரு சாப்பாடு வாசித்தேன்.

அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குப் பட்டது முகமில்லை, கண்ணீர்தான். ஈஸ்டருக்கு முந்திக் கறி விலக்கியிருக்கிற நாற்பது நாள் தபசுகாலம் ஆரம்பித்து, விபூதிப் புதன் பூசையில் சாமியார் தலையான பாவங்களைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அகங்காரம், காய்மகாரம், போசனப்பிரியம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எல்லாரும் ஒப்பித்த பட்டியல்தான். போசனப்பிரியம் என்றால் வாய்ருசிக்கு அடிமையாகிக் கிடப்பது. சாமியார் ஊருக்குச் சொன்னார், அத்தை தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். எந்த உறுப்பு பாவம் செய்ததோ அந்த உறுப்பிலேயே ஆண்டவர் கை வைத்துவிட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

அடுத்த வாரம் மாமாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, பஸ் புழுதியோடு நானும் அவரும் திரும்பி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. தெருவில் வந்த பேப்பர்க்காரனிடம் அத்தை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டிருந்தாள். "அவரு செய்ய வேண்டிய தபசு, தாயி. அவருக்கு ஏலாதுல்ல, அவருக்காக நான் செஞ்சேன். பேகம்பூர் பாய்ட்டப் போட்டா அந்தாளு திருப்பிக் கொண்டாந்து குடுத்துப்புடுவாருன்னுதான் தெருவுல வந்தவன்ட்டப் போட்டேன். இனி எறங்கும் பாரு. தொண்டைய ஆண்டவரு தொறந்து விடுவாரு." கிடைத்த காசை மெழுகுவர்த்தியாக வாங்கி மாதா பீடத்தில் ஏற்றிவிட்டும் வந்திருந்தாள். நான் கத்தினேன். அவள் அசையவில்லை. விசுவாசம் உள்ளவளிடம் கத்தி என்ன பலன்? மாமா காலிப் பெட்டியை ஒரு முறை பார்த்தார். கோபப்படுவதற்கும் தொண்டை வேண்டும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே பேகம்பூருக்கு ஓடினேன். பாய் விஷயத்தைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். நாலு பேரிடம் விசாரித்தும் பார்த்தார். "தெருவுல வாங்குறவங்க அன்னன்னைக்கே மளிகைக்கடைக்குப் போட்டுருவாங்கம்மா. இந்நேரம் சீரகம் மடிச்சிருப்பாங்க" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா கஞ்சித் தண்ணீரையும் ஒதுக்க ஆரம்பித்தார். அத்தை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். முழங்காலில் நின்று, கைகளை விரித்து ஜெபமாலை சொன்னாள். தொண்டை திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தெருமுனைக் கடையிலிருந்து வந்த மிளகுப் பொட்டலத்தை அத்தை பிரித்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஜெபப்புத்தகத்தையே பாதி மனப்பாடத்தில் ஓட்டுகிறவள். ஆனாலும் அந்தத் தாளையும் அதன் கறையையும் அடையாளம் கண்டுகொண்டாள். மிளகைக் கொட்டிவிட்டு மடிப்பை நீவினாள். பிறகு கட்டிலருகே போய், "இங்காருங்க, இது ஒங்களுதா?" என்று நீட்டினாள். மாமா திரும்பினார். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். விரால்மீன் குழம்பு. வாசித்தேன். புளிக்கரைசல் கொதித்து மீனைப் போடப்போகிற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. மாமா அத்தையைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசினார்.

"மிச்சம்?"

அன்றைக்குப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியவள்தான். தெருமுனைக் கடையில் ஆரம்பித்து, சந்தைப் பக்கத்துக் கடைகள், பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைகள், யாரோ சொன்னார்கள் என்று சின்னாளப்பட்டி வரைக்கும் போனாள். மாமாவின் சூதுவாதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நேரே போய், அடுக்கி வைத்திருக்கிற தாள்களைக் காட்டி, "அந்தத் தாள்ல மடிச்சுக் குடுங்கய்யா" என்பாள். என்ன வேண்டும் என்று கேட்டால் எதையாவது சொல்வாள். "தாளுல என்னக்கா இருக்கு, சரக்கப் பாருங்க" என்று ஒருவர் சிரித்ததாகச் சொல்லி, அதைச் சொல்லும்போதே அழுதாள். கடுகும் வெந்தயமும் சோம்பும் வீட்டில் குவிந்தன. மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி, மாமாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

எல்லாம் முன்னும் பின்னுமாகத்தான் கிடைத்தன. தலை இருந்தால் வால் இல்லை, வால் இருந்தால் தலை இல்லை. இருப்பதை அடுக்கி ஒரே மூச்சில் வாசித்தேன். விரால்மீனைக் கழுவிக் கொதிக்கிற புளியில் போட அடுத்த தாளுக்குப் போனால், முந்திரியை நெய்யில் வறுத்துத் தூவி ஏலப்பொடி சேர்த்தாயிற்று. மாமாவின் தோள் குலுங்கியது. மூச்சுத் திணறுகிறதோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பாயாசத்துல எறக்கிட்டியே, தாயி" என்றார். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

கடைசி நாட்களில், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பகல் பொழுதில் அத்தையே வாசித்தாளாம். ஒரு எழுத்தைப் பிடித்து அடுத்த எழுத்துக்கு வருவதற்குள் வெங்காயம் தானாகச் சிவந்துவிடும். நிறுத்தச் சொல்லி மாமா கையைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. அப்படி அவள் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கும் கொஞ்சம் முன்னால், அவர் போய்விட்டார். எந்த வரியில் என்று அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை என்றாள்.

இப்போது என் பேத்தி கைபேசியில் சமையல் பார்க்கிறாள். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் உலகத்துச் சாப்பாடெல்லாம் வந்து நிற்கிறது. வெங்காயத்தை எண்ணெயில் போடுகிறார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் அது சிவந்துவிடுகிறது. கதையை அவளிடம் சொன்னேன். "எடைக்குப் போட்டதுக்கு அந்தப் பாட்டி மேல ஒங்களுக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டாள். வந்தது. ஒரு ஈஸ்டர் வரைக்கும் இருந்தது.

அந்த வருஷத்து ஈஸ்டர் அன்று அடுப்பு பற்றவைக்காத வீடு என்று சொந்தக்காரர்கள் கறிக்குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தார்கள். தபசு முடிந்த நாள், கறி தொட வேண்டிய நாள். எல்லாரும் போன பிறகு அத்தைக்கு இலை போட்டுப் பரிமாறினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவரு தின்னதுக்கா தாயி இந்தத் தண்டனை? இல்ல, நான் வித்ததுக்கா?"

ரெண்டுக்கும் இல்லை அத்தை, அது வியாதி என்றேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்து, மென்று, மென்று, முடியாமல் இலையோரத்தில் துப்பினாள். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, உள்ளே போய்த் தலையணைக்கு அடியில் இருந்த தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"எனக்கு எறங்கல, தாயி. நீ படி."

சுவரில் சாய்ந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே இருந்த தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.