கடைசி வருடத்தில் யார் மாறுவது?

அந்த மேசையை நான் ஒரேயொரு தடவைதான் பார்த்தேன். மிஷன் கல்லூரி விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில், யன்னல் ஓரமாக நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் வாங்குகள். நடுவில் ஒரேயொரு பீங்கான் தட்டு. அதன் முன்னால் என் அண்ணை, குனிந்த தலை நிமிராமல் சோறு பிசைந்துகொண்டிருந்தார். மற்றப் பெடியன்கள் எல்லாரும் அடுத்த இரண்டு மேசைகளில் தோளோடு தோள் இடிபட நெருக்கிக்கொண்டிருந்தார்கள். தோய்த்த வேட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு அப்புவோடு வெளியே நின்ற எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அண்ணைக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அடி விசரி!

முப்பதுகளில் நடந்த சங்கதி இது. எங்கள் சாதியில் பட்டப் படிப்புவரை போன முதல் ஆள் அண்ணை. எல்லாரும் ஒரே மண்டபத்தில் ஒன்றாக இருந்துதான் சாப்பிட வேண்டும் என்று கல்லூரி அதிபர் கட்டளை போட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனியன். பாதிப் பெடியன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் அண்ணையின் மேசையை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். விடுதிக்குத் துணி வெளுக்கிறவரும், பாவம், அண்ணையின் வேட்டியைத் தொட்டால் மற்ற வீடுகளில் கால் வைக்கமுடியாது என்று மிரட்டப்பட்டு ஒதுங்கிக்கொண்டார். அதனால்தான் அம்மா தோய்த்ததை நாங்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையிலுமாகச் சுமந்துகொண்டு போனோம்.

தென்மராட்சியில் நாங்கள் குடியிருந்த வளவு, நயினார் என்று நாங்கள் கூப்பிட்ட காணிக்காரருடையது. அப்பு அவருடைய தோட்டத்தில் வேலை செய்தார். நயினாரின் மகனும் அண்ணையும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, இரண்டு பேருக்கும் கடைசி வருடம். மண்டபக் கலவரம் வந்ததும் நயினாரைச் சொந்தக்காரர் நெருக்கினார்கள். அந்தப் பெடியன் இருக்கிற கல்லூரியில் உன் மகனும் இருந்தால் நாளைக்கு ஆர் பெண் தருவான் என்று கேட்டார்களாம். ஆக, இருவரில் ஒருவர் மாறத்தான் வேண்டும். அதிபர் நல்ல மனிசன். அண்ணையைக் கூப்பிட்டு, நான் உன்னை அனுப்பமாட்டேன், ஆனால் சென்னையில் எங்கள் சபையின் கல்லூரி இருக்கிறது, விரும்பினால் அங்கே போய் முடிக்கலாம், முடிவு உன்னுடையது என்றார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம். அதற்கு அவர் கண்ட வழி, பாரத்தை அண்ணையின் தலையில் இறக்கிவைத்ததுதான்.

நயினார் எங்கள் படலை வாசலுக்கே வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்து நான் கண்டதில்லை.

“டேய், கடைசி வருசத்திலை என்ரை பெடியன் கல்லூரி மாறுறதோ? நடவாது. உன்ரை பெடியனை மாத்து. கப்பல் செலவை நான் பாக்கிறன்.”

“பெடியனைக் கேட்டுச் சொல்லுறன் நயினார்,” என்றார் அப்பு. தோளில் கிடந்த துண்டு கமக்கட்டுக்குள் போயிருந்தது.

அண்ணை வந்ததும் அம்மா காலில் விழாத குறை. “போ மோனை. அங்கை நீ ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? நாலு பேரோடை இருந்து ஆறுதலாய்ச் சோறு தின்னலாம்.”

“நான் போனால், ஒருத்தன் வந்தான், ஓடிட்டான் எண்டுதானேயம்மா கதைப்பினம். இனி எங்கடை பெடியள் ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டினம்.”

அம்மா அழுதார். அப்பு துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, “நீ மாறாதை. வளவுப் பக்கத்தை நான் பாக்கிறன்,” என்றார். அப்புவை எனக்கு அன்றைக்குப் பிடித்த அளவுக்கு வேறொரு நாளும் பிடித்ததில்லை.

நயினார் எங்களை அடிக்கவுமில்லை, வளவைவிட்டு எழுப்பவுமில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் நாங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது. குடத்தோடு தள்ளி நிற்போம். அள்ள வருகிறவர்கள் மனம் இரங்கி எங்கள் குடத்தில் ஊற்றுவார்கள். இனி ஒருவரும் ஊற்றக்கூடாது என்று நயினார் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். காலையில் போய் வெய்யில் ஏறும்வரை நின்றோம். எங்களுக்கு ஊற்றிப் பழகியவர்களே மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அம்மா மாடு குளிப்பாட்டுகிற குளத்தில் போய் அள்ளிவந்தார். வடித்துத்தான் குடித்தோம். அம்மா எங்களுக்குத் தெளிந்ததைத் தந்துவிட்டு அடியில் கிடந்ததைத் தான் குடித்தார். கோடை முடியுமுன் அவருக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் தைபோயிட், வந்தது. சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த அண்ணை, எல்லாரும் போனபிறகு, “நான் மாறியிருக்கலாமோ அப்பு?” என்று கேட்டார். “கேளாதை,” என்றார் அப்பு. அண்ணை திரும்பிப் போய் அதே மேசையில் இருந்து சாப்பிட்டு, லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதித் தேறினார். நயினார் தன் மகனைச் சென்னைக்கு மாற்றிவிட்டார். அடுத்த வருடம் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அண்ணையின் கல்லூரியில் சேர்ந்தார்கள். எனக்கு அதில் பெருமையா என்று கேட்டால், பெருமைதான். ஆனால் அம்மாவை நினைத்து வயிறு எரிந்த நாட்களில் அண்ணையோடும் மாதக்கணக்கில் கதைக்காமல் இருந்திருக்கிறேன். இரண்டும் உண்மை.

அண்ணை வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்று, காலமாகியும் விட்டார். நானும் படித்து ஆசிரியை ஆனேன். போன மாதம் சாவகச்சேரியில் பஸ் ஏறினேன். குடையும் வழுக்கைத் தலையுமாக ஒரு கிழவர் வந்து, வேறு இடமில்லாமல், என் பக்கத்தில் இருந்தார். முகத்தை உற்றுப் பார்த்து, “நீர் அந்த வாத்தியாற்றை தங்கச்சியெல்லோ?” என்றார். நயினாரின் மகன். தகப்பன் ‘டேய்’ போட்ட வீட்டிலிருந்து எனக்கு ‘நீர்’ வந்திருக்கிறது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். நல்ல சுபாவம். கைதடி வரும்வரை பழைய வகுப்புக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சென்னையில் பாடத்திட்டம் வேறாம், கடைசி வருடத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்ததாம்.

“கோபத்திலை சொல்லேல்லை, பாரும். உம்மடை அண்ணராலை எனக்கு ஒரு வருசம் போச்சு.”

“எங்களுக்கு அம்மா போனா,” என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. “அடடா, அவ என்ன வருத்தம் வந்து செத்தவ?”

“தண்ணிவிடாய்.”

அவர் கைதடியில் இறங்கிவிட்டார். யாழ்ப்பாணத்துக்குத்தான் ரிக்கெற் எடுத்திருந்தார்.