பேருந்தைக் காலி செய்தவர்

அல்சூர் ஏரியைத் தாண்டியதும் பேருந்துக்குள் கேஸ் கசிகிற நாற்றம் அடித்தது. "எல்லாரூ இளீரி" என்று கண்டக்டர் கன்னடத்தில் விரட்ட, முண்டியடித்துக்கொண்டு இறங்கினோம். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக ஒரு பெண் மட்டும் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காது கேட்காதோ என்று நினைத்து, திரும்ப ஏறிப்போய்க் கூப்பிட்டேன்.

"கேஸ் இல்லண்ணா, நான்தான்" என்றார், முந்தானையை முகர்ந்துகொண்டே. பேச்சுக்கு நடுவே முகர்ந்து பார்ப்பதை அவர் நிறுத்தவே இல்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையாம். செம்பு மின்முனையை ஒரு கந்தகச் சேர்மத்தில் முக்கியெடுத்தால், கந்தகம் செம்பை இறுகப் பற்றிக்கொண்டு, தண்ணீரை அண்டவிடாமல், களிம்பு ஏறாமல் காக்குமாம். அந்தச் சரக்கு காலையில் அவர் கையில் சிந்திவிட்டது.

"சிலிண்டர்ல வாசனைக்குக் கலக்கறாங்களே, அது இதோட பங்காளி. ரெண்டு வாட்டி குளிச்சும் போவல."

"இப்ப எங்க போறீங்க?"

"மர்பி டவுன்ல அக்கா வீட்டுக்கு. என்னப் பொண்ணு பாக்க வராங்க."

"அவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிட்டா?"

"கல்யாணத்துக்கப்புறமும் இதே வேலைக்குத்தான்ணா போவேன். ஓடறவங்க இன்னிக்கே ஓடிடட்டும்" என்றார் அமைதியாக.

நான் கண்டக்டரிடம் விளக்கிச் சொன்னதும் வண்டி கிளம்பியது. அந்தப் பெண்ணைச் சுற்றி நாலு சீட்டில் யாரும் உட்காரவில்லை. மர்பி டவுனில் இறங்கும்போது, "உண்மையச் சொல்லுங்கண்ணா, இன்னும் நாறுதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, சுத்தமா போயிடுச்சு" என்று மரியாதைக்கு ஒரு பொய் சொன்னேன்.

அவர் முகம் ஏன் அப்படி வாடிப்போனது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.