புக்கிட் ரோத்தானில் மூன்று நிமிடத் தேநீர்

புக்கிட் ரோத்தான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக எங்கே தேநீர் கேட்டாலும் டின் பாலை ஊற்றிப் பாயாசமாக்கித் தருகிறார்கள். பொறுக்க முடியாமல், கேமரன் மலையில் வாங்கிய தேயிலையில் மிஞ்சிய கடைசிப் பிடியைக் கடைக்கார அக்காவிடம் கொடுக்கிறேன்.

"கொதி அடங்கின தண்ணியில மூணே நிமிஷம் ஊறட்டும். பால், சீனி எதுவும் வேண்டாங்கக்கா."

"தே ஓ கோசோங்தானே? எனக்குத் தெரியாதா லா!"

கண்ணாடிக் கூஜாவில் இலை மெல்ல விரிகிறது. நான் கடிகாரத்தையே பார்க்கிறேன். மூன்றாவது நிமிடம், அசல் தேன் நிறம். எழுந்து கை நீட்டுவதற்குள் அக்கா அதை இரண்டு கிளாஸ்களில் ஊற்றி, நன்றாகச் சுழற்றி, சாக்கடையில் வீசுகிறார். இலையை அள்ளிச் சட்டியில் போட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுகிறார்.

"ஐயோ அக்கா, அதுதான் டீ!"

"மொதத் தண்ணி கிளாஸ் அலசத்தான் தம்பி. இன்னும் சாயமே இறங்கல, அதுக்குள்ள பறக்குறீங்க!"

பத்து நிமிடம் கழித்துத் தார் நிறத்தில் ஒன்று வருகிறது. ஒரு வாய் குடித்ததும் நாக்கு சுருண்டுகொள்கிறது. அக்கா இடுப்பில் கை வைத்து என்னையே பார்க்கிறார்.

கிளாஸை நானே நீட்டுகிறேன்.

"டின் பால் ஊத்துங்கக்கா. ரெண்டு கரண்டி."