அவனியாபுரத்து ஸ்விட்சுக்காரர்

கையில் பிடித்து ஆடும் பழைய வீடியோ கேம் ஒன்றில், தேய்ந்துபோன ஸ்விட்சுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே அதன் சொந்தக்காரர் திரும்பி வந்தார். "முன்ன மாதிரி அமுங்கலண்ணே. அவனியாபுரத்துல ஒருத்தரு நல்லாப் பண்ணுவாராம்" என்றார். பசுமலையில் கடை வைத்திருக்கும் என்னிடமே! எனக்கு வயிறு எரிந்தது. சரிசெய்து தருவதாக வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் போல அவனியாபுரம் போனேன்.

அந்தக் கடைக்காரருக்கு ஒட்டிய கன்னம், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. டப்பாவிலிருந்து ஸ்விட்சுகளை எடுத்து, கண்ணை மூடி, இரண்டு கட்டைவிரல்களாலும் அமுக்கிப் பார்த்தார். ஒன்றுபோல அமுங்கும் ஜோடி கிடைக்கும்வரை விடவில்லை. நான் கைக்கு வந்ததைப் போடுகிறவன்.

பிறகு கேமைத் திறந்தார்.

"இதுக்கு முன்னாடி யாருண்ணே கைவச்சது?"

"பசுமலையில ஒருத்தரு" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சால்டரிங் எம்புட்டுச் சுத்தமா இருக்கு! எனக்கு இப்படி வராது. எந்தக் கடைன்னு சொல்லுங்க, அந்தப் பக்கத்து ஆளுகள அவருகிட்டயே அனுப்பிவிடுறேன்."

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவரைப் பற்றி இன்றுவரை எந்த வாடிக்கையாளரிடமும் நான் வாய் திறந்ததில்லை. இங்கேகூட அவர் பெயரை எழுத மனம் வரவில்லை.