அவள் கேட்ட அரைமணி நேரம்

அன்றைக்குக் கதவைத் திறந்தபோது என் மனைவி தலைமாட்டில் நோட்டை விரித்து வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பாட்டெழுத வேண்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் இருவரையும் சேவூரில் என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே பாட்டுக் கட்டுவாள். அந்த வருடம் எங்கள் சபையின் போதகர், கிறிஸ்துமஸுக்குப் புதிதாக ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லியிருந்தார். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவளிடம் யாரும் பாட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரியென்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு உட்கார நேரம் கிடைக்கவில்லை. மிஷின் சத்தத்துக்கு நடுவே வரிகள் வரும். வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். ஒருநாள் வரி ஒன்றைப் பிடித்துவைக்கப் போய், ஓட்டைப் பனியனைக் கவனிக்காமல் விட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டிலோ குழாய்த் தண்ணீர் வரும், குக்கர் கத்தும், மகன் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். இத்தனைக்கும் மேலே நான். சாவி எங்கே, சட்டை எங்கே, ஒரு டீ போடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அதையெல்லாம் இடைஞ்சல் என்று நான் நினைத்ததே இல்லை.

எழுந்தவளிடம், “ஏம்புள்ள, இதுக்கா நான் புள்ளைகள இழுத்துட்டு அலைஞ்சேன்?” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க. உக்கார்ந்ததும் பாட்டு வரலீங்க, தூக்கந்தான் வந்துச்சு” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒரே நாள்ல மொத்தமாக் குடுத்தா வராதுங்க. தினமும் அரைமணி நேரம் என்னைய யாரும் கூப்பிடாம இருந்தாப் போதும். முக்கியமா நீங்க” என்றாள்.

அந்தக் கடைசிச் சொல் சுட்டது. மறுநாள் சாயங்காலம் சமையற்கட்டுக்குள் நான் போனேன். முதல் வாரம் ரசம் புளித்தது, சோறு குழைந்தது. உப்பு எங்கே என்று வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். பிள்ளைகள் எதற்கானாலும் என்னிடம் வரப் பழகினார்கள். உள்ளறையிலிருந்து சில நாள் முணுமுணுப்புக் கேட்கும். சில நாள் தாளைக் கிழிக்கும் சத்தம் மட்டும்.

கிறிஸ்துமஸ் காலையில் பாடகர் குழு அவள் எழுதிய பாட்டைப் பாடியது. ‘தையல் விட்ட மனசையெல்லாம் தேடித் தைக்க வந்தவரே’ என்ற இடம் வந்ததும், முன்வரிசைப் பெண்கள் அந்த அடியைத் தாங்களாகவே திரும்பப் பாடினார்கள். அவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். என் மனைவி தலைகுனிந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “ஏனுங்க, வேலைக்கும் போய்க்கிட்டு உங்க ஊட்டம்மாவுக்கு இதுக்கெல்லாம் எப்படீங்க நேரம் கெடைக்குது?”

சிரித்து மழுப்பினேன். அந்த நேரத்தைப் பதினோரு வருடமாக நான்தான் தின்றுகொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? வண்டியில் திரும்பும்போது அவளிடம் சொன்னேன்.

“இப்பவாச்சும் தெரிஞ்சுதுங்களே” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், என் முதுகுக்குப் பின்னால் ஒரு புது மெட்டை முனக ஆரம்பித்தாள். வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.